தவளை தன் வாயால் பிழைத்த கதை

ஆறாவது படிக்கும்போது நான் விஞ்ஞானியாக இருந்தேன். சிரிக்காதீங்க மக்கா, நிஜமாத்தான். ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோட்டோரக் குழியில் தேங்கியிருந்த தண்ணீரிலிருந்து ஒரு டப்பா நிறைய தலைப்பிரட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து, மொட்டை மாடியில் ஒரு அலுமினியச் சட்டியில் விட்டு வளர்த்தேன். நான் ஒண்ணு செஞ்சா அக்கா சும்மா இருப்பாளா? அவள் கோயில் குளத்தில் பிடித்து வந்து, கிணற்றடியில் முருங்கை நிழலில் கிடந்த பழைய கல்தொட்டியில் விட்டாள்.

என்னுடையவற்றுக்கு சில வாரத்திலேயே கால் முளைத்து, வால் சுருங்கி, சுண்டுவிரல் நகம் அளவுக்குக் குட்டிகுட்டியாகச் சட்டியை விட்டுக் குதித்து ஓடிவிட்டன. அக்காவுடையவை அப்பவும் வாலை ஆட்டிக்கொண்டு தின்றுகொண்டே இருந்தன. அவை ஒரு வழியாகத் தவளையாகி வெளியே வந்தபோது என்னுடையவற்றைப் போல மூணு மடங்கு பெரிசு.

ஆக, வெயிலில் வளர்ந்தால் சீக்கிரம் உருமாறும், ஆனால் குட்டியாக இருக்கும். நிழலில் வளர்ந்தால் லேட்டாகும், ஆனால் பெரிதாக இருக்கும். இதை அறிவியல் நோட்டில் படம் போட்டு எழுதினேன். சார் சிவப்பு மையில் 'நன்று' போட்டுக் கொடுத்தார். அக்கா மட்டும் ஒத்துக்கவே இல்லை. "உன்னோடது தேரைடா, என்னோடது தவளை. ரெண்டும் வேற வேற சாதி. வெயில் என்ன பண்ணும்?" பொறாமை என்று விட்டுவிட்டேன்.

இப்ப எதுக்கு இந்தச் சட்டிக் கதைன்னா, கொஞ்ச நாளாக தவளையும் வெப்பமும் பற்றிய ஆராய்ச்சி வரலாற்றைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். (ஏன் என்று கேட்காதீர்கள். ஒருத்தருக்கு ஸ்டாம்ப் சேகரிக்கப் பிடிக்கும், எனக்கு இது.) படிக்கப் படிக்க ஒரு அல்ப சந்தோஷம். நான் சட்டியில் செய்த அதே தப்பை, என்னைவிட எவ்வளவோ பெரிய ஆட்கள் எவ்வளவோ பெரிய அளவில் செய்திருக்கிறார்கள்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். தவளை முட்டைக்குச் சொந்தச் சூடு கிடையாது. கோழி மாதிரி அடைகாக்க ஆத்தாளும் பெரும்பாலும் வருவதில்லை. தண்ணீர் என்ன சூடோ முட்டையும் அதே சூடு. ஒரு எல்லைக்குள் சூடு ஏறினால் உள்ளே நடக்கும் வேதிவினையெல்லாம் வேகமாகும். பத்து டிகிரி ஏறினால் வளர்ச்சி வேகம் தோராயமாக ரெண்டு மூணு மடங்கு. எல்லையைத் தாண்டினால் செத்துப்போகும். இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. உடம்பு பெருப்பது ஒரு வேலை. கால் முளைத்து, வால் போய், ஆளே மாறுவது இன்னொரு வேலை. குளிர் இரண்டையும் மெதுவாக்கும், ஆனால் ரெண்டாவதைத்தான் அதிகமாக மெதுவாக்கும். அதனால் குளிர்ந்த தண்ணீரில் தலைப்பிரட்டை ரொம்ப நாள் தலைப்பிரட்டையாகவே இருந்து, தின்று கொழுத்து, பெரிய தவளையாக வெளியே வரும்.

இது இன்றைக்கு நமக்குத் தெரியும். 1824-இல் தெரியாது. அந்த வருஷம் பாரிஸில் வில்லியம் எட்வர்ட்ஸ் என்பவர் (பிறந்தது ஜமைக்காவில்) ஒரு புத்தகம் போட்டார். வெளிச்சம், சூடு, காற்று எல்லாம் உயிர்களை என்ன செய்கின்றன என்பது விஷயம். அதில் ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு தகரப் பெட்டி, உள்ளே பன்னிரண்டு அறை, தண்ணீர் போய்வர ஓட்டைகள். அறைக்கு ஒரு தலைப்பிரட்டையைப் போட்டுப் பெட்டியை சேன் நதிக்குள் இறக்கிவிட்டார். அதே நேரத்தில் இன்னும் கொஞ்சத்தை வெளியே ஒரு மண்பாத்திரத்தில், தினமும் நதித் தண்ணீர் மாற்றி வளர்த்தார். மண்பாத்திரத்துப் பிள்ளைகள் சீக்கிரமே தவளையாகிவிட்டன. பெட்டிக்குள் இருந்த பன்னிரண்டில் பத்து உருமாறவே இல்லை. ஆனால் சிலது எடையில் மட்டும் ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஏறியிருந்தது.

எட்வர்ட்ஸின் முடிவு: உருமாற வெளிச்சம் வேணும். இருட்டில் உடம்பு பெருக்குமே தவிர ஆள் மாறாது. கேட்கவே எவ்வளவு அழகா இருக்கு பாருங்க! ஒளியில்லாமல் வளர்ச்சியில்லை என்று மேடையில் பேசலாம் போல இருக்கிறது. அப்படித்தான் அது பரவவும் செய்தது.

இருபத்தாறு வருஷம் கழித்து, 1850-இல், இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ஊரைச் சேர்ந்த ஜான் ஹிக்கின்பாட்டம் என்ற அறுவை மருத்துவர் அதை உடைத்தார். தலைப்பிரட்டைகளை இருட்டிலும் வெளிச்சத்திலும், குளிரிலும் வெதுவெதுப்பிலும் வளர்த்துப் பார்த்தார். சூடு ஒரே மாதிரி இருந்தால் கும்மிருட்டில் கூட அவை பாட்டுக்குத் தவளையாகின்றன. நிறுத்தி வைப்பது குளிர்தான், இருட்டு இல்லை. எட்வர்ட்ஸின் பெட்டிக்குள் இருட்டு மட்டுமா இருந்தது? ஓடும் ஆற்றின் குளிர்ச்சியும் இருந்தது, மேலே வந்து மூச்சுவிட முடியாத அடைசலும் இருந்தது. மூணையும் ஒரே தகரத்தில் பூட்டிவிட்டு பழியை இருட்டின் மேல் போட்டுவிட்டார். வெப்பம் செய்த வேலைக்கு வெளிச்சத்துக்குப் பேர்.

அதன் பிறகு ஜெர்மன்காரர்கள் வந்து, அவர்கள் வழக்கப்படி, மணி பார்த்துக் குறித்தார்கள். 1898-இல் பெர்லினில் ஆஸ்கார் ஹெர்ட்விக் வெவ்வேறு சூட்டில் முட்டைகளை வைத்து எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று அட்டவணை போட்டார். 1929-இல் எமில் விட்சி என்பவர், தலைப்பிரட்டைகளை 32 டிகிரியில் வைத்தால் பெண்ணாகப் போக வேண்டியவைகூட ஆணாகிவிடுகின்றன என்று காட்டினார். சூல்பையே விந்துப்பையாக மாறுகிறது! இதைத் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே தொட்டால் மாட்டிக்கொள்வேன்.

நிற்க. இந்தக் கதையின் நாயகர் இனிமேல்தான் வருகிறார்.

ஜான் மூர். 1915-இல் பிறந்தவர், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆள். 1939-இல் ஒரு கட்டுரை போட்டார். அப்போ அவருக்கு இருபத்தஞ்சு வயசுகூட ஆகலை. அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் ஒரே வட்டாரத்தில் வாழும் தவளைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் முட்டையும் எந்தச் சூட்டிலிருந்து எந்தச் சூடு வரை பிழைக்கும், எவ்வளவு வேகத்தில் வளரும் என்று அளந்தார். ஐஸ் உருகின கையோடு மார்ச்சிலேயே முட்டையிடும் காட்டுத் தவளையின் முட்டை 2.5 டிகிரி குளிரிலும் வளர்கிறது. ஆனால் 24-க்கு மேல் தாங்காது. கோடையில் முட்டையிடும் பச்சைத் தவளைக்கு 12 டிகிரியாவது வேண்டும். மேலே 32 வரை சமாளிக்கும். நடுவில் சிறுத்தைத் தவளை, உடம்பெல்லாம் புள்ளி போட்டது, 6-லிருந்து 28. எல்லாவற்றையும் ஒரே 20 டிகிரியில் வைத்தால்? காட்டுத் தவளைக் கரு சுமார் 72 மணியில் தொடும் கட்டத்துக்குப் பச்சைத் தவளை வர சுமார் 114 மணி ஆகிறது. குளிர்நாட்டுப் பிள்ளை, கிடைத்த கொஞ்ச சூட்டை வைத்துக்கொண்டு ஓடுகிறது.

முட்டை போடும் விதத்தில்கூட கணக்கு இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் இடும் இனங்கள் முட்டைகளைப் பந்து மாதிரி மொத்தையாக இடுகின்றன. வெதுவெதுப்பான தண்ணீரில் இடும் பச்சைத் தவளை மெல்லிய ஏடு மாதிரி, பால் மேல் ஆடை படிந்தாற்போல, தண்ணீர் மேலேயே பரப்பி விடுகிறது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, முட்டைக்கோ தேவை கூடுதல். பந்தாக இட்டால் நடுவில் இருப்பது மூச்சுமுட்டிச் சாகும். முதல் தடவை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் மூரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவருக்கு அடுத்த கேள்வி வந்தது. வெவ்வேறு இனங்கள் வெவ்வேறு சூட்டுக்குப் பழகியிருக்கின்றன, சரி. ஒரே இனம் கனடாவிலிருந்து மெக்சிகோ வரை பரவிக் கிடந்தால்? அப்படி ஒன்று கையிலேயே இருந்தது. சிறுத்தைத் தவளை, ரானா பிபியன்ஸ். நாமெல்லாம் பள்ளிக்கூட லேபில் தவளையை மல்லாக்கப் போட்டுக் குண்டூசி குத்தினோமே, அந்த ஊர் லேப்களில் அந்த இடம் இதற்குத்தான். வியாபாரிகள் பெட்டி பெட்டியாக அனுப்புவார்கள்.

மூர் வெர்மான்ட், நியூ ஜெர்சி, லூசியானா, ஃப்ளோரிடா, டெக்சஸ், மெக்சிகோ என்று பல ஊர்த் தவளைகளை வரவழைத்தார். தெற்கத்தித் தவளைகளின் முட்டைகள் வடக்கத்தி முட்டைகளைவிட நாலைந்து டிகிரி கூடுதல் சூடு தாங்கின. குளிரை அந்த அளவு தாங்கவில்லை. அப்புறம் கலப்பு செய்து பார்த்தார். வெர்மான்ட்டும் நியூ ஜெர்சியும் சேர்ந்தால் குழந்தைகள் சுகம். வெர்மான்ட்டும் டெக்சஸும் சேர்ந்தால் கோளாறு. எது தாய் எது தகப்பன் என்பதைப் பொறுத்து கருவுக்குத் தலை பெருத்தோ சிறுத்தோ போய்விடுகிறது.

மூருக்கு எல்லாம் ஒரே கோட்டில் விழுந்தது. ஒரே இனம்தான், கண்டம் முழுக்கப் பரவியது, அந்தந்த ஊர்ச் சூட்டுக்கேற்ப வளர்ச்சி வேகத்தை மாற்றிக்கொண்டது, வேகம் வேறுவேறானதால் ரெண்டு கோடியிலும் இருப்பவை சேர்ந்தால் கருவில் தாளம் தப்புகிறது. அதாவது வெப்பநிலை ஒரு இனத்தை ரெண்டாக உடைத்துக்கொண்டிருக்கிறது, நம் கண்ணெதிரே! 1940களில் பரிணாமம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஆட்களுக்கு இது அல்வா. பாடப்புத்தகங்களில் ஏறியது. வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தது.

இதில் இடையூறு செய்த ஆள் ஒருத்தர் உண்டு. கார்ல் காஃபெல்ட். நியூயார்க் ஸ்டேட்டன் தீவு மிருகக்காட்சிசாலையில் பாம்பு, ஆமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். 1936, 37 வாக்கிலேயே அவர் எழுதினார்: நியூயார்க் சுற்றுவட்டாரத்தில் மட்டுமே சிறுத்தைத் தவளை மூணு இனம் இருக்கிறது, ஒன்றல்ல. மூர் 1944-இல் அருங்காட்சியகத் தவளைகளின் புள்ளிகளையும் அளவுகளையும் ஒப்பிட்டு விரிவாக எழுதி, பிரிக்க முடியாது, எல்லாம் ஒரே இனத்தின் வேறுபாடுகள்தான் என்று முடித்தார். மிருகக்காட்சிசாலைக்காரர் பேச்சு அத்தோடு அடங்கியது.

இங்கே எனக்குத் தோன்றிய ஒன்று. மூர் சோம்பேறி இல்லை, அளக்கத் தெரியாதவரும் இல்லை. அவர் கையில் ஒரு புது வித்தை இருந்தது. தவளைக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியை ஊசியில் ஏற்றினால் பருவம் வராமலேயே முட்டையிடும். ராபர்ட்ஸ் ரக் என்பவர் 1930களில் பிரபலப்படுத்திய முறை. முட்டையைப் பிதுக்கி எடுத்து, ஆண் தவளையின் விந்தைக் கலந்தால் வேலை முடிந்தது. அருமையான வசதி. ஆனால் அந்த லேபில் எந்த ஆண் தவளையும் பெண்ணைக் கூப்பிட வேண்டியதில்லை. எந்தப் பெண்ணும் குரல் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. தவளைகள் தங்களுக்குள் 'நீ எங்காள், நீ வேறாள்' என்று பிரித்துக்கொள்வதே குரலை வைத்துத்தான். அந்த ஒரு சாட்சியை மட்டும் அவருடைய சோதனை முறையே ஊமையாக்கிவிட்டது.

அப்புறம் கையில் தூக்கிப்போகிற டேப் ரெக்கார்டர் வந்தது. ராத்திரியில் குட்டைக்கரையில் உட்கார்ந்து பதிவு செய்து, லேபில் ஒலியைப் படமாக வரைந்து பார்க்க முடிந்தது. 1968-இல் லிட்டில்ஜான், ஓல்ட்ஹாம் என்ற இருவர் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்: ரானா பிபியன்ஸ் என்ற ஒரே பெயரில் நாலு வித அழைப்புக் குரல்கள் இருக்கின்றன. வடக்கத்தியது நீளமாகக் குறட்டை விடுகிறது. தெற்கத்தியது கெக்கெக்கே என்று விட்டு விட்டுச் சிரிக்கிறது. ரெண்டு வகை ஒரே பகுதியில் வாழும் இடங்களிலும் அவை பெரும்பாலும் கலப்பதில்லை. அப்படியென்றால் அவை ஒரே இனத்தின் ரெண்டு கோடி இல்லை. தனித்தனி இனம். ஆராய ஆராயப் பெருகி, இன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள்.

மூரின் அளவீடு ஒன்றும் பொய்யாகவில்லை. டெக்சஸ் முட்டை அதிகச் சூடு தாங்குவது உண்மை. கலப்பில் தலை கோணுவதும் உண்மை. காரணம்தான் மாறிப்போச்சு. ஒரே இனம் வெப்பத்தால் உடைகிற காட்சி என்று அவர் பார்த்தது, ஏற்கெனவே எப்பவோ பிரிந்து போன இனங்களைக் கலந்துவிட்டதால் வந்த கோளாறு. எட்வர்ட்ஸ் வெப்பத்தின் வேலையை வெளிச்சத்தின் கணக்கில் எழுதினார். மூர் இனத்தின் வேலையை வெப்பத்தின் கணக்கில் எழுதிவிட்டார்.

எனக்கு மூரைப் பிடித்துப்போனது அதற்கு அடுத்து அவர் செய்ததால்தான். 1975-இல், அறுபது வயசில், கலிஃபோர்னியாவில் ரிவர்சைடில் பேராசிரியராக இருந்துகொண்டு, தன் பேரை வாங்கிக் கொடுத்த அதே தவளையைப் பற்றி அவரே ஒரு கட்டுரை எழுதினார். ரானா பிபியன்ஸ் பற்றிய அடிப்படைப் பார்வையே மாறிக்கொண்டிருக்கிறது என்பதுதான் தலைப்பு. முப்பது வருஷம் முன்னால் தான் கட்டின வீட்டைத் தானே சுற்றிக்காட்டி, எந்தச் சுவர் ஏன் நிற்கவில்லை என்று சொல்வது லேசுப்பட்ட காரியமா? நான் போன வருஷம் எழுதினதில் ஒரு எழுத்துப்பிழையைச் சொன்னாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது :-)

காஃபெல்ட் அந்தக் கட்டுரையைப் பார்க்கவில்லை. முந்தின வருஷம், 1974-இல் இறந்துவிட்டார்.

அவர் சொன்ன மூணாவது தவளை? நியூயார்க்கில் ஜெரமி ஃபைன்பெர்க் என்ற ஆராய்ச்சி மாணவர் ஸ்டேட்டன் தீவுச் சதுப்பில் ஒரு குரலைக் கேட்டார். குறட்டையும் இல்லை, சிரிப்பும் இல்லை. 'சக்' என்று ஒற்றை இருமல். 2012-இல் மரபணு ஆய்வு அது தனி இனம் என்றது. 2014-இல் முறைப்படி பெயர் வைத்தார்கள், ரானா காஃபெல்டி. உலகத்தின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றில், சுதந்திர தேவி சிலையிலிருந்து சில மைல் தூரத்தில், ஒரு தவளை இத்தனை வருஷம் 'நான் வேற, நான் வேற' என்று கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள் நம்மூரில். இந்தத் தவளை வாயால்தான் பிழைத்தது.

மூர் 2002-இல் காலமானார், அதனால் இது அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் தேடின விஷயம், ஒரே இனத்துக்குள் ஊர்ச் சூட்டுக்கேற்ப வளர்ச்சி வேகம் மாறுமா என்பது, வீண் போகவில்லை. 1979-இல் பெர்வனும் கூட்டாளிகளும் நிஜமாகவே ஒரே இனமான பச்சைத் தவளையை வைத்துப் பார்த்தார்கள். வர்ஜீனியா மலை மேல் இருப்பவை, மேரிலாந்து சமவெளியில் இருப்பவை. மலைக்குட்டையில் குளிர், அதனால் தலைப்பிரட்டைகள் ரொம்ப நாள் எடுத்துக்கொண்டு பெரிதாகித்தான் உருமாறும். ஆனால் ரெண்டையும் லேபில் ஒரே குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் மலைத்தவளைப் பிள்ளைகள் முந்துகின்றன. குளிர் பின்னே இழுக்க, பரம்பரை முன்னே தள்ளுகிறது. கேள்வி சரி, மூர் எடுத்த தவளைதான் தப்பு.

ஆக, என் நோட்டில் எழுதியிருந்த விதிகூட சரிதான். குளிரில் மெதுவாக, பெரிதாக. சூட்டில் சீக்கிரமாக, சிறிதாக. சார் போட்ட 'நன்று'வில் பாதி எனக்குச் சேரும். ஆனால் மாடிச் சட்டியும் கிணற்றடித் தொட்டியும் அதற்கு சாட்சி இல்லை.

இதையெல்லாம் படித்து முடித்த ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டேன். காஃபெல்ட், மூர் எல்லாம் சொல்லவில்லை, அவளுக்கு சீரியல் நேரம். "அன்னிக்கு என்னுது தேரைன்னு எப்படி அவ்வளவு உறுதியா சொன்னே?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் எந்தச் சட்டி, எந்தத் தொட்டி என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு சிரித்தாள்.

"அந்தக் குழியில புல்லைச் சுத்தி கறுப்பு மணி கோத்த மாதிரி சரம் சரமா முட்டை கெடந்துச்சேடா. தேரைதான் அப்படிப் போடும். அள்ளும்போது நீ பாக்கலையா?"

பார்க்கவில்லை.